பல்வலிக்காரியின் கணவன்

பல வருடங்களாக இந்தக் கதையில் எனக்குச் சந்தேகம் உண்டு. சொல்வது என் மனைவி, கேட்பது ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கூட்டம், சந்தேகப்படுவது மட்டும் எப்போதும் நான் ஒருவன்தான். சந்தேகம் என் தொழில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காப்பீட்டு அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவு. நிறுத்தி வைத்த லாரி தானாக உருண்டு போய்க் கிணற்றில் விழுந்தது என்றும், மின்னல் ஒரு மந்தையில் காப்பீடு செய்த மாட்டை மட்டும் தேடி வந்து அடித்தது என்றும் எழுதி வரும் காகிதங்களைப் படித்துப் படித்து, வீட்டில் யாராவது மழை வருகிறது என்றால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவேன். அப்படிப்பட்டவன் தன் மனைவி மேடைக்கு மேடை சொல்லும் ஒரு கதையை மட்டும் ஏன் இத்தனை காலம் விசாரிக்காமல் விட்டான் என்று கேட்டால், அதற்கும் என்னிடம் ஒரு பதில் உண்டு, ஆனால் அந்தப் பதிலையும் நான் நம்புவதில்லை. இப்போது கதை என் அலுவலகத்துக்கே வந்துவிட்டது. மகளிர் தினம், மூன்றாவது மாடிக் கூடம், திருச்சியின் மார்ச் வெயில் திரைச்சீலைக்குள் புகுந்து முதுகில் கை வைக்கிறது, ஏசி வேலை செய்வதாக ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது. மேடையில் ஃப்ளெக்ஸ். 'வேலையும் வாழ்வும் சமநிலை: டாக்டர் மங்கையர்க்கரசி, உளவியலாளர்.' பெயரைக் கொஞ்சம் சின்னதாகவும் சமநிலையைப் பெரிதாகவும் அடித்திருக்கிறார்கள். அந்தச் சொல் அவளுக்குப் பிடிக்காது. தராசு சமமாக நிற்கிறது என்றால் யாரோ அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்தக் கை வலிக்காதா என்று ஒரு நாள் இட்லி ஊற்றிக்கொண்டே கேட்டாள். நான் செய்தித்தாளைத் தாழ்த்தி, நல்ல கேள்வி என்றேன். இட்லியும் நன்றாக இருந்தது.

காலையில் கேட்டேன், இன்று எந்தக் கதை சொல்லப் போகிறாய் என்று. சாதாரணமாகக் கேட்பது போல, காலுறையைத் தேடிக்கொண்டே. கூட்டத்தைப் பார்த்துச் சொல்வேன் என்றாள். அந்தப் பல்வலிக் கதையை மட்டும் வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஏன் வேண்டாம் என்பாள். அதற்கு நான் என்ன சொல்வது? அதில் வரும் கணவன் நான்தானோ என்று எனக்குச் சந்தேகம் என்றா? அப்படிச் சொன்னால் அதுவே வாக்குமூலம். கிணற்றில் விழுந்த லாரிக்காரனும் இப்படித்தான், நான் கேட்பதற்கு முன்பே, ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் வெச்சிருந்தேன் சார் என்று ஆரம்பிப்பான். அங்கேயே அவன் பிடிபட்டுவிடுவான். நான் ஹேண்ட்பிரேக்கைப் பற்றிப் பேசவில்லை. காலுறை கிடைத்தது, போட்டுக்கொண்டேன், வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் லூர்துசாமி. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன், என்னோடு ஓய்வு பெறப் போகிறவன், என்னைவிட நன்றாகத் தூங்குகிறவன். முன்வரிசையில் கணக்குப் பிரிவு பொற்கொடி, இந்த விழாவின் செயலாளர். மேடத்தைக் கூப்பிடலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். உங்க வீட்டம்மாவை நாங்க கூப்பிட்டா நீங்க தடுக்க மாட்டீங்களே சார் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் ஏன் தடுக்கப் போகிறேன் என்று சொல்லி, என் வழக்கப்படி சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து ஒரு கிராம்பு நீட்டினேன். வேண்டாம் சார் என்று போய்விட்டார். கிராம்பு. அங்கேதான் எல்லாம் சிக்கிக்கொண்டு கிடக்கிறது. இந்த அலுவலகத்தில் யாருக்குத் தலைவலி என்றாலும், தொண்டைக்கட்டு என்றாலும், மேலதிகாரி திட்டினார் என்றாலும் நான் நீட்டுவது கிராம்பு. அரசு என்ற சொந்தப் பெயர் போய்க் கிராம்பு சார் என்று எனக்குப் பெயர் இருப்பது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு மரியாதைதான்.

மங்கை பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் கேள்வி எப்போதும் போல, மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தயிர்சாதம், லெமன் சாதம், காலையில் மிச்சமான உப்புமா. உட்கார்ந்தா, நின்னா? சலசலப்பு அடங்குகிறது. இந்த இடத்தில்தான் தில்லைநகரில் அவள் அறைக்கு வரும் பெண்கள் அழ ஆரம்பிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறாள். என்ன பிரச்சினை என்று கேட்டால் ஒன்றுமில்லை மேடம் என்பார்களாம். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், அவர் சாப்பிட்டார், பையன் சாப்பிட்டான், நான் என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுவார்களாம். நான் ஒரு முறை வீட்டில் அதைச் செய்து பார்த்தேன். நீ என்ன சாப்பிட்டாய் மங்கை என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்து, உங்களுக்குப் பசிக்குதா என்றாள். எல்லாக் கேள்வியும் எல்லாருடைய வாயிலிருந்தும் வந்தால் கேள்வியாக இருப்பதில்லை போலும். அவள் தொழில் தொடங்கிய காலத்தில் திருச்சியில் இந்த வேலைக்குப் பெயரே கிடையாது. பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரம்மா, ஆனா மாத்திரை கொடுக்காது என்றார்கள். மாத்திரை கொடுக்காத டாக்டரிடம் யார் வருவார்கள்? வந்தார்கள். ஏனென்றால் அறை ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே பெரிய பல் படம் போட்ட போர்டு, மேலே போர்டே இல்லை. வீட்டில் பல்வலி என்று சொல்லிவிட்டு, கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, பேருந்திலிருந்து இறங்கி, பல் படத்தைத் தாண்டி மாடி ஏறிவிடுவார்கள். டீச்சர்கள், நர்சுகள், பஞ்சாயத்து எழுத்தர், பாத்திரக்கடை முதலாளியின் மருமகள். கீழே பல் டாக்டர் இன்பராஜ், என் போர்டுக்கு வர்ற கூட்டம் எல்லாம் உங்க மாடிக்குப் போகுதேம்மா, என் வாடகையில பாதியை நீங்க தரணும் என்பார். இறங்கிப் போகும்போதும் சிலர் கைக்குட்டையைக் கன்னத்திலிருந்து எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு போவார்களாம். பல் பிடுங்கினால் கண்ணீர் வராதா என்ன, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று நம்மூரில் பெண்ணுக்குச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள், பிறகு பல்வலி வராமல் என்ன செய்யும் என்று மங்கை சொல்வாள். அதற்குக் கூட்டம் கைதட்டும். இதோ தட்டுகிறது. லூர்துசாமி தூக்கத்திலேயே தட்டுகிறான்.

கைதட்டலுக்கு அப்புறம் அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் பல்வலிக் கதை வருகிறது என்று அர்த்தம். தண்ணீர்ப் புட்டி மேசையில் இருக்கிறது. தொடவில்லை. தொடவில்லை. தன்னம்பிக்கை பற்றி ஏதோ சொல்கிறாள். நல்லது, தன்னம்பிக்கையிலேயே போய் முடியட்டும். நான் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறேன். கடைவாயில் வைத்து மெதுவாக அழுத்தினால் அந்தப் பக்கம் மரத்துப்போகும், மரத்துப்போனால் மனமும் கொஞ்சம் அடங்கும், இதை எந்த வைத்தியரும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தது. கதையை விசாரணை முறையில் எடுத்துக்கொள்வோம். ஒரு பெண். வேலைக்குப் போகிறவள். வீட்டில் பல்வலி என்று சொல்லிவிட்டுச் சாயங்காலங்களில் பல் டாக்டரிடம் போகிறாள். டோக்கன் வாங்குகிறாள். தன் முறை வரும்போது பக்கத்தில் இருப்பவரிடம், நீங்க போங்க, எனக்கு அவசரமில்லை என்கிறாள். மின்விசிறிக்குக் கீழே, கன்னத்தில் கைக்குட்டையோடு, ஒரு பழைய வாரப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பல் வலிக்கிறவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை, அவளும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கடைசி ஆள் போனதும் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுகிறாள். டாக்டரிடம் வாயையே திறக்கவில்லை. ஒரு வருடம். கணவன் நல்லவன். வலி என்றதும் ஓடிப்போய்க் கிராம்பு வாங்கி வருகிறான். பொட்டலம் பொட்டலமாக வாங்குகிறான். பற்பசையை மாற்றுகிறான். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுக்கிறான். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே என்கிறான். எந்தப் பல் என்று மட்டும் கேட்கவே இல்லை. இதுதான் கதை. இதில் பெண் ஊருக்கு ஊர் மாறுவாள். மருத்துவமனையில் பேசினால் நர்ஸ், வங்கியில் பேசினால் காசாளர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவன் மாறுவதில்லை. எந்த ஊரிலும் அவன் காந்தி மார்க்கெட்டில்தான் கிராம்பு வாங்குகிறான். பாதிக்கப்பட்டவர் வாக்குமூலத்துக்கு வாக்குமூலம் மாறி, எதிர்த்தரப்பு மட்டும் அங்குலம் மாறாமல் இருந்தால் அனுபவமுள்ள கிளெய்ம் அதிகாரி என்ன முடிவுக்கு வருவான்? எதிர்த்தரப்பு உண்மை, மற்றது ஜோடனை என்ற முடிவுக்கு. வேண்டாம், இதில் மேலே போக வேண்டாம்.

ஒரு முறை கேட்டும் பார்த்தேன், அந்தப் பல்வலிக்காரி உண்மையாகவே இருந்தாளா என்று. கேஸ் பற்றி வெளியில் பேசக் கூடாதுங்க, அது தொழில் தர்மம் என்றாள். முந்நூறு பேருக்கு ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறதைக் கட்டிய கணவனிடம் சொல்லக் கூடாது என்பது என்ன தர்மம் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததே நல்லது என்று அப்போது பட்டது. பிறகு பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக் கூட்டத்தில், நான்தான் காரை ஓட்டிக்கொண்டு போயிருந்தேன், கதையில் புதிதாக ஒரு வரி நழுவி விழுந்தது. அந்தப் பொண்ணு உட்கார்ந்திருந்த இடத்திலேர்ந்து பார்த்தா மாடிப்படி தெரியும், மேலே வாடகைக்கு விடப்படும்னு அட்டை தொங்கும். அவ்வளவுதான். கூட்டம் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் வியர்த்தது. மாடி காலியாக இருந்தது என்றால் மங்கை அப்போது அங்கே தொழில் நடத்தவில்லை. தொழில் நடத்தவில்லை என்றால் அந்தப் பெண் அவளுடைய கேஸாக இருக்க முடியாது. கேஸாக இல்லாதவள் பார்த்த அட்டை எப்படி மங்கைக்குத் தெரிந்தது? மங்கை அப்போது பெண்கள் கல்லூரியில் உளவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் கைக்குழந்தை. ஒரு நாள் திடீரென்று வேலையை விடுகிறேன், சொந்தமாக ஆரம்பிக்கப் போகிறேன், இடம்கூடப் பார்த்துவிட்டேன் என்றாள். பல் டாக்டர் மாடியா, என்ன பொருத்தம் என்று நான் சிரித்தேன். தெரிஞ்ச இடம்ங்க என்றாள். தெரிஞ்ச இடம். அதற்கு முந்தின வருடம் முழுக்க அவளுக்குப் பல்வலி. காந்தி மார்க்கெட்டில் கிராம்பு விற்கிறவர் என்னைப் பார்த்ததும் பொட்டலம் மடிக்க ஆரம்பித்துவிடுவார், பிரியாணிக் கடை வெச்சிருக்கீங்களா என்று ஒரு நாள் கேட்டார். வீட்டில் மிஞ்சிய கிராம்பைத்தான் நான் வாயில் போட ஆரம்பித்தேன், வீணாகப் போகக் கூடாதே என்று. இன்றுவரை நிறுத்தவில்லை. ஐம்பதைத் தாண்டிய மங்கையின் வாயில் ஒரு சொத்தைப் பல் கிடையாது, ஒரு பல்கூட அடைத்தது கிடையாது, கரும்பை நேராகக் கடித்து உரிப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒருவேளை தற்செயலாக இருக்கலாம் என்று விசாரணைக் கோப்பை மேசையின் அடியில் வைத்துவிட்டேன். அவள் ஏன் ஒரு வருடம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள் என்று கேட்டால், அதற்கு அவள் பதில் சொல்லிவிடுவாளே. பதில் வந்துவிட்டால் அதை எங்கே வைப்பது? எங்கள் வீடு சின்ன வீடு.

தண்ணீர்ப் புட்டியை எடுத்துவிட்டாள். மூடியைத் திறக்கிறாள், குடிக்கிறாள், மூடுகிறாள். நான் நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிகிறேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு என்று ஆரம்பிக்கிறாள். நான் காத்திருக்கிறேன். காப்பீட்டு அலுவலகம், ஆகவே பெண் பாலிசி போடுகிறவளாக இருப்பாள், இல்லாவிட்டால் கணக்குப் பிரிவு. இல்லை. இன்று அந்தப் பெண்ணுக்கு வேலை எதுவும் சொல்லப்படவில்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, அவ்வளவுதான். டோக்கன் வந்தாயிற்று, கைக்குட்டை வந்தாயிற்று, நீங்க போங்க எனக்கு அவசரமில்லை வந்தாயிற்று. கூட்டம் சிரிக்கிறது. அவ வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர், என்கிறாள் மங்கை. வலின்னதும் ஓடிப்போய்க் கிராம்பு வாங்கிட்டு வந்தார்.

கிராம்பு என்ற சொல் ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பி, கூடத்தைச் சுற்றி, முதலில் பொற்கொடியின் தோளில் போய் உட்கார்ந்தது. தோள் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு தலை திரும்பியது. அதற்குப் பக்கத்துத் தலை திரும்பியது. அப்புறம் கிளெய்ம் பிரிவு முழுக்க, வயலில் காற்று போவது போல, வரிசை வரிசையாகத் திரும்பியது. லூர்துசாமி விழித்துக்கொண்டான். என்னைப் பார்க்காமல், உதட்டை அசைக்காமல், அரசு, வாயை மூடுடா, வாசனை வருது என்றான். நான் மூடினேன். மூடிய வாய்க்குள் கிராம்பு காரமாகக் கரைந்தது, துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. மேடையில் கதை நிற்கவில்லை. பொட்டலங்கள் வந்தன, பற்பசை வந்தது, உப்பு வெந்நீர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு பெரிதாகிக்கொண்டே போனது. நான் இவ்வளவு காரியம் செய்திருக்கிறேனா என்று எனக்கே ஒரு பெருமை எட்டிப் பார்த்தது, அதை வெட்கத்தோடு உள்ளே தள்ளினேன். கடைசியில் அவள் குரலைத் தாழ்த்தினாள். ஒரு நாள்கூட எந்தப் பல்லுன்னு கேட்கல. எப்போதும் இந்த இடத்தில் சிரிப்பு நிற்கும், இன்றும் நின்றது. ஒருத்தர் மூக்கை உறிஞ்சினார். நல்லது, முடிந்தது, தேசிய கீதம் பாடிவிட்டு போண்டா சாப்பிடலாம் என்று நினைத்தேன். அப்போது பொற்கொடி எழுந்தார். மேடம், ஒரு சந்தேகம். அந்த வீட்டுக்காரர் அப்புறமாவது கேட்டாரா? மங்கை கடைசி வரிசைப் பக்கம் பார்க்கவில்லை. புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள், இன்னும் இல்லம்மா. ஆனா கிராம்பு வாங்கறதை நிறுத்தல.

அதற்குப் பிறகு நடந்த சிரிப்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. போண்டா கொடுக்கும்போது பொற்கொடி, சார், சூடா இருக்கு, பல்லு ஒண்ணும் தொந்தரவு இல்லையே என்று கேட்டதைப் பற்றியும் கவலை இல்லை. என்னைப் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு சொல். இன்னும். இத்தனை வருடம் கழித்து, இன்னும். கேட்கவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம், கதை மூடியிருக்கும். கேட்கவே மாட்டார் என்று சொல்லியிருந்தால் தீர்ப்பு. இன்னும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? எங்கள் தொழிலில் ஒரு கோரிக்கை குறித்த காலத்துக்குள் வராவிட்டால் செல்லாது. அவள் தொழிலில் அப்படி ஒரு விதி இல்லை போலிருக்கிறது. ஊர் ஊராகப் போய், ஆயிரம் பெண்களிடம், அவரவர் வீட்டில் யாராவது ஒருவர் கேட்கட்டும் என்று இவள் சொல்லிக்கொண்டிருக்க, இவளுடைய கோரிக்கை மட்டும் என் மேசையின் அடியில் திறந்தபடியே கிடந்திருக்கிறது. ஒருவேளை அவள் ஒவ்வொரு மேடையிலும் சொன்னது அந்தக் கூட்டத்துக்கு இல்லையோ. நான் ஓட்டிக்கொண்டு போன காரில், நான் உட்கார்ந்த கடைசி வரிசைக்கு, தபால் போடுவது போலப் போட்டுக்கொண்டே இருந்தாளோ. அப்படியும் இருக்காது, நான் என்னைப் பெரிதாக நினைத்துக்கொள்கிறேன், அது வெறும் பேச்சுச் சாமர்த்தியம், கூட்டம் சிரித்ததே. ஆனால் இன்னும் என்றாளே.

கார் நிறுத்தத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் பொன்னாடை, கையில் பூந்தொட்டியில் ஒரு துளசிச் செடி, மங்கை முன்சீட்டில் ஏறித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். நல்லா இருந்ததாங்க என்றாள். நன்றாக இருந்தது என்றேன். உங்க ஆபீஸ்ல நல்லா சிரிக்கிறாங்க என்றாள். ஆமாம், வேலை குறைவு என்றேன். அவள் சிரித்தாள், முப்பத்திரண்டும் தெரிய, ஒன்றில்கூட ஒரு கறை இல்லை. நான் சாவியைப் போட்டேன், திருகவில்லை. அது நீதானா என்று கேட்கலாம். அது விசாரணைக் கேள்வி, ஆமாம் அல்லது இல்லை, கையெழுத்து வாங்கிக் கோப்பை மூடிவிடலாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கலாம். அது குற்றச்சாட்டு, அதைக் கேட்க எனக்குத் தகுதி போதாது. அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, தொட்டியைப் பிடிக்காத கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். களைப்புதான், இரண்டு மணி நேரம் நின்று பேசினவள். என்னங்க, கிளம்பலையா என்றாள். நான் வாயில் மிச்சமிருந்த கிராம்பைக் கைக்குட்டையில் துப்பினேன். ஒரு பக்கம் முழுக்க மரத்திருந்ததால் சொல் சரியாக வருமா என்றே தெரியவில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"மங்கை, எந்தப் பல்லு?"